டீசல் எஞ்சினின் முதுகெலும்பு

ஹைதராபாத்தில் மாலையில் ரயிலேறிச் சென்னையில் காலையில் இறங்கும் பிரயாணி, இடையில் தம்மை இழுத்து வந்த எஞ்சினைப் பற்றி நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியம் நேராமல் இருப்பதே பலருடைய உழைப்பின் பயன். அந்தப் பாதையில் மின்சாரக் கம்பிகள் நாட்டப்படுவதற்கு முன், பல ஆண்டுக் காலம் இரவு வண்டிகளை இழுத்தவை டீசல் எஞ்சின்கள். அவற்றின் வயிற்றுக்குள், வெளியே நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாமல், எண்ணெயில் நனைந்து சுழன்று கொண்டிருந்தது கிராங்க் ஷாப்ட் என்னும் உருக்குத் தண்டு. அதைத் தாங்கி நின்றவை பேரிங்குகள்.

இந்தத் தண்டையும் பேரிங்குகளையும் சோதிக்கவும் பேணவும் மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பது ஒரு தனி வரலாறு. அதில் விஞ்ஞானிகளின் பெயர்கள் உண்டு. விபத்துகளில் மாண்டவர்களின் நினைவும் உண்டு. ஏடுகளில் பெயர் ஏறாத பிட்டர்களின் கைவண்ணமும் உண்டு. அந்த வரலாற்றின் ஒரு பகுதி, தமிழர் பலர் குடியேறி வாழும் ஹைதராபாத், செகந்திராபாத் நகரங்களின் ரயில்வே ஒர்க்ஷாப்பிலும் லோகோ ஷெட்டிலும் நடந்தது.

செகந்திராபாத் 1806-ஆம் ஆண்டில் ராணுவக் குடியிருப்பாக உருவான ஊர். அங்கே நிலைகொண்ட படை சென்னை ராணுவத்தைச் சேர்ந்தது. ஆகவே சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து கடைக்காரர்களும் கணக்கர்களுமாகத் தமிழர்கள் அங்கே சென்று தங்கினார்கள். 1874-ஆம் ஆண்டில் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1889-இல் அது பெஜவாடா என்று அப்போது வழங்கிய விஜயவாடாவை எட்டியது. 1893-இல் நிஜாம் ரயில்வேக்காக லாலாகூடாவில் ஒர்க்ஷாப் ஏற்பட்டது. லாலாகூடா, மெட்டுகூடா வட்டாரங்களில் உருது, தெலுங்குக் குரல்களின் நடுவே தமிழ்க் குரலும் கேட்பதற்கு ராணுவமும் ரயிலும் வகுத்த இந்தப் பாதைதான் காரணம். 1930-இல் அந்த ரயில்வே நிஜாம் அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது; 1951-இல் இந்திய ரயில்வேயோடு இணைந்தது; 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரயில்வே பிறந்தது.

இனி, கிராங்க் ஷாப்ட் என்பது யாது என்று பார்ப்போம். நம் வீட்டுத் தையல் யந்திரத்தை நினைத்துக்கொண்டால் போதும். மிதிப்பலகை மேலும் கீழும் அசைகிறது. சக்கரமோ சுழல்கிறது. நேர் அசைவைச் சுழற்சியாக மாற்றித் தருவது நடுவில் இருக்கும் வளைந்த கம்பிதான். பெரிய எஞ்சினில் அந்த வளைந்த கம்பியின் வேலையைச் செய்வது கிராங்க் ஷாப்ட். சிலிண்டருக்குள் எண்ணெய் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் கனெக்டிங் ராடைத் தள்ளுகிறது. ராடு கிராங்க் ஷாப்டைத் திருப்புகிறது.

நம் நாட்டு ரயில் பாதைகளில் மிகுதியாக ஓடிய டபிள்யூ.டி.எம்.2 வகை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வகுத்த வடிவம் அது. 2,600 குதிரைச் சக்தி. இரண்டு வரிசைகளில் பதினாறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் குறுக்களவு 9 அங்குலம். முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று. எரியும் வாயுவின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 1,500 பவுண்டு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிஸ்டன் மீது விழும் சுமை நாற்பது டன்னுக்கு மேல் ஆகிறது. அத்தகைய சம்மட்டி அடி ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு ஐந்நூறு முறை விழுகிறது. பதினாறையும் சேர்த்தால் நிமிடத்துக்கு எட்டாயிரம். இவ்வளவையும் வாங்கிக்கொள்ளும் தண்டு ஒன்றே ஒன்று. அதை ஒன்பது மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. கனெக்டிங் ராடுகளின் அடித்தலைகளில் இன்னும் பதினாறு பேரிங்குகள் உள்ளன. ஆக இருபத்தைந்து. அவற்றுள் ஒன்று கெட்டால் எஞ்சின் முழுவதும் கெடும்.

நீராவி எஞ்சின் காலத்தில் இந்த உறுப்புகள் பெரும்பாலும் வெளியே தெரிந்தன. சக்கரத்துக்கு வெளியே கிராங்க் பின்னும், அதைப் பற்றிய நீண்ட ராடும் பட்டப்பகலில் ஆடிக்கொண்டிருக்கும். வண்டி நின்றதும் டிரைவர் எண்ணெய்க் குவளையுடன் இறங்குவார். ஒவ்வொரு பேரிங்காகப் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். தாய் குழந்தையின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதைப் போன்ற செயல் அது. கை பொறுக்கும் சூடு என்றால் புறப்படலாம். பொறுக்காவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். அளவுக் கருவி எதுவும் இல்லாமல் ஆயிரக்கணக்கான எஞ்சின்களைக் காத்தது இந்தச் சாதாரணப் பழக்கம்.

அக்காலத்துப் பேரிங்கின் உயிர் அதன் உட்பூச்சில் இருந்தது. 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஐசக் பாபிட் என்பவர், பெரும்பாலும் வெள்ளீயமும், சிறிதளவு ஆன்டிமனியும் செம்பும் கலந்த மென்மையான உலோகத்தைப் பேரிங்கின் உட்புறத்தில் வார்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். அதுவே ஒயிட் மெட்டல் என்று ஒர்க்ஷாப்களில் வழங்குவது. சுழலும் தண்டு கடினமாக இருக்கட்டும், அதைத் தாங்கும் பரப்பு மென்மையாக இருக்கட்டும் என்பது இதன் தத்துவம். தூசு உள்ளே புகுந்தால் மென்மையான உலோகம் அதைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். எண்ணெய் தவறினால் தான் உருகித் தண்டைக் காப்பாற்றும். சில ரூபாய்ப் பொருள் அழிந்து, பல லட்ச ரூபாய்ப் பொருளைக் காக்கிறது.

இந்த உலோகத்தை வார்ப்பதற்கு முன் பேரிங்கின் உட்பரப்பில் ஈயம் பூச வேண்டும். நம் தெருக்களில் துருத்தியும் நவச்சாரமும் கொண்டு வந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவரை மறந்திருக்க மாட்டோம். பாத்திரத்தைச் சுட வைத்து, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஈயத்தைத் தேய்ப்பார். அழுக்கு இருந்த இடத்தில் ஈயம் பிடிக்காது. பேரிங்கிலும் இதே விதிதான். ஈயம் பிடிக்காத இடத்தில் ஒயிட் மெட்டலும் ஒட்டாது. ஒட்டாத இடம் நாளடைவில் பெயர்ந்து விழும். வார்த்து முடித்த பேரிங்கைப் பிட்டர் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பார். சந்தையில் பானை வாங்கும் பெண்மணி விரலால் சுண்டிக் கேட்பதில்லையா? கணீரென்று ஒலித்தால் நன்று. மந்தமாக ஒலித்தால் உள்ளே எங்கோ பிளவு உண்டு.

எண்ணெய் ஏன் பேரிங்கைக் காக்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் சரியான விடை கிடைக்கவில்லை. வழுவழுப்பினால் என்று சொல்லி மக்கள் திருப்தியடைந்தனர். 1883-ஆம் ஆண்டில் பியூசாம்ப் டவர் என்னும் ஆங்கில எஞ்சினியர், ரயில் அச்சைப் போன்ற ஒரு தண்டையும் பேரிங்கையும் வைத்துச் சோதனைகள் செய்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளையிட்டார். தண்டு சுழன்றபோது, அத்துளையின் வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதுவும் வெளிவந்தது. அழுத்தமானியை வைத்துப் பார்த்தபோது, சுமையின் சராசரி அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாக அந்த எண்ணெயின் அழுத்தம் காணப்பட்டது. தண்டு உலோகத்தின் மேல் சுழலவில்லை. தன் சுழற்சியால் தானே இழுத்து வந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது என்னும் உண்மை அன்று புலனாயிற்று. 1886-இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் அதற்குக் கணித விளக்கம் தந்தார்.

இந்த உண்மையிலிருந்து பராமரிப்புக்கு வேண்டிய விதிகள் பிறந்தன. படலம் மயிரிழையைவிட மெல்லியது. அதன் கனத்தைவிடப் பெரிய தூசு ஒன்று எண்ணெயில் இருந்தால் படலம் கிழியும். டீசலோ தண்ணீரோ கலந்து எண்ணெய் நீர்த்தால் படலம் வலுவிழக்கும். தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகுந்தால் எண்ணெய் வழிந்தோடி அழுத்தம் விழும். குறைந்தால் சூடு ஏறும். ஆகவே பேரிங்கைப் பேணுவது என்பது எண்ணெயைப் பேணுவதிலிருந்து தொடங்குகிறது.

பேரிங்கின் பாடத்தைச் சோதனைச் சாலை கற்பித்தது; தண்டின் பாடத்தைக் கற்பித்தது ஒரு பெருந்துயரம். 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டில் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சினின் அச்சு ஒடிந்தது. பின்வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. பெட்டிக் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நேற்று வரை நன்றாக ஓடிய அச்சு இன்று ஏன் ஒடிய வேண்டும்? கம்பியை ஒரே மூச்சில் இழுத்து அறுக்க முடியாத சிறுவன், அதை முன்னும் பின்னும் பலமுறை மடக்கி எளிதில் ஒடித்து விடுகிறான். உருக்குக்கும் அவ்விதச் சோர்வு உண்டு. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்னும் ரயில்வே எஞ்சினியர், 1850-களின் பிற்பகுதியிலிருந்து 1870 வரை அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்து, இந்தச் சோர்வுக்கு உரிய விதிகளைக் கண்டார். தண்டு தடித்த இடமும் மெலிந்த இடமும் கூடும் மூலை கூர்மையாக இருந்தால் அங்கேதான் பிளவு தொடங்கும் என்பது அக்காலத்து ஆராய்ச்சிகள் தந்த முக்கியமான பாடம். இன்றும் கிராங்க் ஷாப்டைச் சோதிப்பவர், அந்த மூலைகளின் வளைவு வழவழப்பாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்.

1897-இல் ருடால்ப் டீசல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதன் வலிமை சுமார் இருபது குதிரைச் சக்தி. அறுபது ஆண்டுகளில் அது கப்பல்களையும் ரயில்களையும் இழுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டளவில் ஆல்கோவின் டீசல் எஞ்சின்கள் முதற்பாதைகளில் ஓடத் தொடங்கின. 1961-இல் வாராணசியில் டீசல் எஞ்சின் தொழிற்சாலை அமைந்தது. அங்கே உருவான முதல் எஞ்சின் 1964-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. தென் மத்திய ரயில்வேயில் காஜிபேட்டை, மௌலாலி, கூத்தி, குந்தக்கல், விஜயவாடா ஆகிய இடங்களில் டீசல் ஷெட்டுகள் ஏற்பட்டன. இவற்றுள் மௌலாலி செகந்திராபாத்தை ஒட்டியது. காஜிபேட்டை அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். நம் தமிழகத்தில் பொன்மலை, ஈரோடு, தண்டையார்பேட்டை ஆகிய ஊர்களின் பெயர்கள் இதே பணிக்காக ரயில்வே வட்டாரத்தில் பிரசித்தமானவை.

டீசல் வந்ததும் தொழிலாளியின் பழைய கல்வி ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. நீராவி எஞ்சினில் வெளியே தெரிந்த உறுப்புகள் டீசலில் கிராங்க்கேஸ் என்னும் இரும்புப் பெட்டிக்குள் மறைந்துவிட்டன. வண்டி நின்ற இடத்தில் இறங்கிக் கை வைத்துப் பார்க்க இயலாது. ஓடும்போது உள்ளே நடப்பதைக் கூறுபவை எண்ணெய் அழுத்தமானியின் முள்ளும், எஞ்சினின் ஒலியுமே. ஆகவே, காணாததைக் கண்டுபிடிக்கும் முறைகள் வேண்டியிருந்தன. சம்மட்டியும் அரமும் பழகிய கைகள் மைக்ரோமீட்டரையும் டயல் கேஜையும் பிடிக்கப் பழகின.

ஷெட்டில் இச்சோதனை நடைபெறும் விதத்தைச் சிறிது விளக்குவோம். எஞ்சின் சுமையுடன் ஓடி நின்ற பின், சற்றுப் பொறுத்து, கிராங்க்கேஸின் பக்கக் கதவுகளைத் திறப்பார்கள். முதலில் கண்ணால் காண வேண்டியவை பல. அடியில் எண்ணெயோடு உலோகப் பொடி மின்னுகிறதா? பேரிங்கின் ஓரத்தில் ஈயம் பிதுங்கி நிற்கிறதா? ஏதேனும் ஒரு நட்டின் பூட்டு முள் கழன்றிருக்கிறதா? எங்கேனும் உலோகம் நீலம் பாய்ந்திருக்கிறதா? நீலம் பாய்ந்தால் அங்கே கடுஞ்சூடு ஏறியது என்று பொருள். அடுத்து, கையால் ஒவ்வொரு பேரிங்கின் சூட்டையும் அருகிலுள்ளதோடு ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒரே சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதைக் கழற்றிப் பார்க்காமல் விடக் கூடாது. இக்காலத்தில் கைக்குப் பதிலாகக் கதிர் வெப்பமானி வந்திருக்கிறது; ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு பழையதுதான்.

பின்னர் இடைவெளியை அளக்கிறார்கள். மெல்லிய உருக்குத் தகடுகளால் ஆன பீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பது ஒரு முறை. ஈயக் கம்பியை இடையில் வைத்து இறுக்கி, நசுங்கிய கனத்தை அளப்பது மற்றொரு முறை. கழற்றிய தண்டின் குறுக்களவை மைக்ரோமீட்டரால் பல இடங்களிலும், ஒவ்வோரிடத்திலும் இரு திசைகளிலும் அளக்க வேண்டும். வட்டமாக இருந்த தண்டு தேய்ந்து முட்டை வடிவம் கொண்டிருக்கலாம். அந்தக் குறை வரம்பு கடந்தால் தண்டைச் சாணை பிடித்து, அதற்கேற்றபடி உட்குறுக்களவு குறைந்த பேரிங்கைப் பொருத்த வேண்டும்.

இக்காலத்துப் பேரிங்கு நீராவிக் காலத்ததைப் போலக் கனமாக வார்த்துச் சுரண்டிப் பொருத்துவதன்று. உருக்கு முதுகின் மேல் உலோகக் கலவைகளை மெல்லிய படலங்களாகப் பதித்த இரண்டு அரைவட்டத் தகடுகள் அவை. பொருத்துமிடத்தின் அளவைவிட அவற்றின் சுற்றளவு இம்மியளவு மிகுந்திருக்கும். இறுக்கும்போது அவை நசுங்கி இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் சற்றுச் சிறிதாகச் செய்து, காய்ச்சி ஏற்றிக் குளிரவிடும் கருமானின் தந்திரம் இதற்கு நெருங்கிய உறவு. இதை அறியாதவர், ஓரம் துருத்தி நிற்கிறதே என்று அரத்தால் ராவி விட்டால் தீர்ந்தது. பேரிங்கு தன் இருக்கையில் நழுவத் தொடங்கும், எண்ணெய்த் துளை மூடிக்கொள்ளும், தண்டு வெந்துபோகும். பொருத்தும்போது துளைக்கு நேர் துளை இருக்கிறதா, மேல் பாதியும் கீழ்ப் பாதியும் இடம் மாறவில்லையா, போல்ட்டுகள் குறித்த அளவுக்கு, குறித்த வரிசையில் இறுக்கப்பட்டனவா என்பதெல்லாம் சிறு விஷயங்களாகத் தோன்றும். எஞ்சின்கள் பாழாவது பெரும்பாலும் இத்தகைய சிறு விஷயங்களால்தான்.

தண்டு நேராகப் படுத்திருக்கிறதா என்பதை அறிய மற்றொரு சோதனை உண்டு. ஒன்பது தாங்கிகளுள் ஒன்று மட்டும் தேய்ந்து தாழ்ந்தால், தண்டு அவ்விடத்தில் தொய்யும். தொய்ந்த தண்டு சுழலும்போது, கிராங்கின் இரு பக்கச் சுவர்களும் ஒருமுறை விரிந்து ஒருமுறை குவியும். கம்பியை மடக்கும் சிறுவனின் வேலையை எஞ்சினே செய்யத் தொடங்கிவிடும். அச்சுவர்களின் இடையே டயல் கேஜை வைத்து, தண்டை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் முள் காட்டும் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு வித்தியாசம் ஆபத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத பிளவை எவ்வாறு காண்பது? முற்காலத்தில் தண்டை மண்ணெண்ணெயால் நனைத்துத் துடைத்து, சுண்ணம் பூசிச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள். பிளவுக்குள் தங்கிய எண்ணெய் வெண்மையின் மேல் கோடாகக் கசியும். 1920-களில் அமெரிக்காவில், காந்தத்தால் பிடிக்கப்பட்ட உருக்கைச் சாணை பிடிக்கும்போது, இரும்புத் தூள் பிளவின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார்கள். அதிலிருந்து காந்தத் தூள் சோதனை பிறந்தது. தண்டைக் காந்தமாக்கி இரும்புத் தூள் தூவினால், மயிரிழைப் பிளவும் தன்னைத்தானே வரைந்து காட்டும்.

கதவைத் திறக்குமுன் சற்றுப் பொறுக்க வேண்டும் என்று மேலே கூறினோம். அந்தப் பொறுமைக்குப் பின்னால் இருபத்தெட்டு உயிர்கள் இருக்கின்றன. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி, ரெய்னா டெல் பசிபிகோ என்னும் பிரிட்டிஷ் கப்பல் பழுது பார்க்கப்பட்டு வடக்கு அயர்லாந்துக் கடற்கரையருகே சோதனை ஓட்டத்தில் இருந்தது. ஒரு பிஸ்டன் அளவு மீறிச் சூடேறியது. கிராங்க்கேஸுக்குள் எண்ணெய் ஆவியாகி, மூடுபனி போல் நிறைந்து, தீப்பற்றி வெடித்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றையடுத்து ஒன்று வெடித்தன. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். சூடேறிய பேரிங்கும் இதே வினையைச் செய்யவல்லது. எஞ்சின் நின்றவுடன் ஆவலோடு கதவைத் திறந்தால் புதுக்காற்று உள்ளே புகுந்து அந்த ஆவியைப் பற்றவைக்கும். ஆகவே, சூடு என்ற சந்தேகம் எழுந்தால் குறைந்தது பத்து, இருபது நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. அழுத்தம் மிகுந்தால் தானே திறந்து மூடும் வெடிப்புக் கதவுகளும், எண்ணெய் மூட்டத்தை மோப்பம் பிடிக்கும் கருவிகளும் அவ்விபத்துக்குப் பிறகு பரவின.

எஞ்சினைத் திறவாமலே உள்நோயை அறியும் வழியும் ரயில்வேயிலிருந்துதான் வந்தது. 1940-களில் அமெரிக்காவின் மலைப் பாதைகளில் ஓடிய டென்வர் – ரியோ கிராண்டி ரயில்வேயார், டீசல் எஞ்சினின் பழைய எண்ணெயில் ஒரு சொட்டை எரித்து, அதன் ஒளியைப் பகுத்து, எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணிக்கும் முறையைக் கையாண்டார்கள். வைத்தியர் ரத்தத்தைச் சோதித்து நோயை அறிவதற்கு ஒப்பானது இது. செம்பும் ஈயமும் ஏறினால் பேரிங்கு தேய்கிறது. இரும்பு ஏறினால் தண்டையோ சிலிண்டரையோ பார்க்க வேண்டும். சோடியம் தோன்றினால், குளிர்விக்கும் நீர் எங்கோ கசிந்து எண்ணெயில் கலக்கிறது. சிலிக்கன் தோன்றினால் காற்று வடிகட்டியின் வழியாக மண் புகுந்திருக்கிறது. கோடையில் செம்மண் புழுதி பறக்கும் தக்காணப் பீடபூமியில் இது வேண்டாத விருந்தாளி. நம் டீசல் ஷெட்டுகளிலும் இத்தகைய சோதனைக் கூடங்கள் ஏற்பட்டன. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அறிய, சூடான தகட்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெயை விட்டுக் கேட்கும் எளிய முறையும் கூடவே நிலைத்தது. தாளிக்கும் சட்டியில் நீர்த்துளி விழுந்தாற்போல் பொரிந்தால் நீர் உண்டு.

இத்தனை முறைகளுக்கும் அடிப்படை ஒரு நோட்டுப் புத்தகம். ஓர் அளவு தனியாக நின்றால் அதிகம் பேசாது. சென்ற மாதம் எவ்வளவு, அதற்கு முந்திய மாதம் எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது வாய் திறக்கும். வரம்புக்குள் இருக்கும் அளவும், திடீரென்று ஏறியிருந்தால் எச்சரிக்கைதான். ஆகவே அளக்காமலே சென்ற மாதத்துக் கணக்கைப் பார்த்து எழுதி வைப்பவர், உடன் வேலை செய்யும் அனைவருடைய கண்ணையும் கட்டிவிடுகிறார்.

இங்கேதான் இத்தொழிலின் தர்மசங்கடம் எழுகிறது. வண்டி புறப்பட வேண்டிய நேரம் நெருங்கும். எஞ்சினை அனுப்புங்கள் என்று மேலிடத்திலிருந்து அவசரம் வரும். ஒரு பேரிங்கு மட்டும் சற்றுச் சூடாக இருக்கிறது. ஒருவேளை ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். கழற்றிப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் தாமதத்துக்குப் பிட்டர் பதில் சொல்ல வேண்டும். கழற்றாமல் விட்டு அது வழியில் பிடித்துக்கொண்டால், நடுக்காட்டில் நள்ளிரவில் ஆயிரம் பேர் தவிக்க நேரும். ராடு முறிந்து எஞ்சினின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிவரவும் கூடும். எதிர்பார்த்த கேடு நேராமற் போனதற்காக எவரும் மாலையிடுவதில்லை. ஆயினும் "இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும்" என்று துணிந்து சொல்லும் தொழிலாளியும், அச்சொல்லை மதிக்கும் மேலதிகாரியும் இருந்த இடங்களில்தான் எஞ்சின்கள் நெடுங்காலம் உழைத்தன.

இன்று நிலைமை மாறிவிட்டது. இந்திய ரயில்வேயின் அகலப் பாதைகளில் மிகப் பெரும்பகுதி மின்மயமாகிவிட்டது. வாராணசித் தொழிற்சாலை 2020-இல் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர் மாறி, மின்சார எஞ்சின்களைச் செய்து வருகிறது. டீசல் ஷெட்டுகள் பலவற்றில் மின்சார எஞ்சின்கள் பேணப்படுகின்றன. அப்படியானால் கிராங்க் ஷாப்டின் கதை முடிந்ததா என்று கேட்கலாம். முடியவில்லை. புயலில் மின்கம்பிகள் அறுந்து விழுந்தால் நிவாரண வண்டியை இழுக்க டீசல் எஞ்சினைத்தான் தேட வேண்டும். கடலில் செல்லும் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை டீசலால் ஓடுகின்றன. பெரிய மருத்துவமனைகளிலும், கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களிலும், மின்சாரம் தடைபட்டால் கைகொடுக்க டீசல் எஞ்சின்கள் காத்து நிற்கின்றன.

ஆண்டு முழுவதும் சும்மா நின்று, அழைத்த நொடியில் முழுச் சுமையை ஏற்க வேண்டிய அவ்வகை எஞ்சின்களுக்குத்தான் சோதனை மிகவும் தேவை. 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஷோரம் அணுமின் நிலையத்தில் மூன்று டீசல் எஞ்சின்களைச் சோதனைக்காக ஓட்டினார்கள். ஒன்றின் கிராங்க் ஷாப்ட் ஒடிந்தது. மற்ற இரண்டையும் திறந்து பார்த்தபோது அவற்றின் தண்டுகளிலும் பிளவுகள் காணப்பட்டன. மெய்யான ஆபத்து வேளையில் அன்றிச் சோதனையின்போதே அது ஒடிந்தது நல்வினைப் பயன். சோதித்தபடியால்தான் தெரிந்தது.

லாலாகூடாவிலும் மௌலாலியிலும் காஜிபேட்டையிலும், பொன்மலையிலும் ஈரோட்டிலும், எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு இக்கலையைக் கற்றவர்கள் இப்போது ஓய்வு பெற்று வருகிறார்கள். வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அத்தகைய தாத்தாவோ தந்தையோ இருக்கக்கூடும். பேரிங்கைத் தட்டினால் எது கணீரென்ற ஒலி, எது மந்தமான ஒலி என்பதை எந்தக் கையேடும் காதுக்குள் புகுத்திவிடாது. கேட்டுப் பழகியவர் அருகில் நின்று கேட்டால்தான் வரும். அவர்கள் அறிந்ததை இளைய தலைமுறையினர் இப்போதே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அவர்களுடைய பழைய அளவுக் குறிப்பு நோட்டு வீட்டு அலமாரியில் எங்கேனும் இருந்தால், அதைப் பழைய காகிதத்தோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.